கவுன்சலிங் சீட்டுக்கு ரூ.1.30 லட்சமா? கல்லூரிக் கட்டணத்தை முடிவு செய்வது யார்?

கேள்வி: ராசிபுரத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மாதச் சம்பளம் ரூ.34,000. வேறு வருமானம் கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த என் மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில், சேலம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) கிடைத்தது. அரசு ஒதுக்கீடு என்பதால் கட்டணம் குறைவாக இருக்கும் என்று நம்பிப் போனோம். முதல் வருடத்துக்கு ரூ.1,30,000 என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏன் இவ்வளவு என்றால், "எல்லாம் கமிட்டி முடிவு" என்கிறார்கள். யார் அந்தக் கமிட்டி? அடுத்தடுத்த வருடங்களில் இன்னும் ஏறுமா? நான்கு வருடத்துக்கு "1,30,000 பெருக்கல் நான்கு, 5,20,000" என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அதை மொத்தமாக இப்போதே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி தருவார்களாம். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?

பதில்: நகையை இப்போதைக்குப் பீரோவிலேயே வையுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் இணைத்திருந்த சீட்டைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தேன். அதிலிருந்தே தொடங்கலாம்.

ஐந்து வரிகள் இருக்கின்றன. கல்விக் கட்டணம் 55,000. வளர்ச்சிக் கட்டணம் 15,000. பிளேஸ்மென்ட் பயிற்சி 18,000. பேருந்து 32,000. இதர கட்டணம் 10,000. அடியில் பொடி எழுத்தில் "கட்டணங்கள் மாறுதலுக்கு உட்பட்டவை" என்று ஒரு வரி. கல்லூரி உங்களிடம் சொன்ன "கமிட்டி முடிவு" இவற்றில் முதல் வரிக்கு மட்டும்தான் முழுசாகப் பொருந்தும். மற்ற நான்கு வரிகளையும் எழுதிய கை வேறு.

அந்தக் கமிட்டி எப்படி வந்தது என்று தெரிந்தால், உங்களுக்கு எங்கே பலம் இருக்கிறது என்பதும் புரியும். 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, தனியார் கல்லூரிகள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம், வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரியும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கொள்ளை லாபமும் நன்கொடையும் கூடாது என்றது. எது நியாயம், எது கொள்ளை என்று யார் அளப்பது? அடுத்த ஆண்டே இஸ்லாமிக் அகாடமி வழக்கில் அதற்கு வழி சொன்னார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு. கல்லூரி தன் கணக்கு வழக்குகளோடு ஒரு தொகையைக் கேட்கும். குழு பார்த்து ஒப்புக்கொள்ளலாம், மாற்றவும் செய்யலாம். நிர்ணயித்த தொகை மூன்று வருடத்துக்குச் செல்லும். 2005-ல் இனாம்தார் வழக்கிலும் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நிலைத்தது. தமிழ்நாட்டில் சுயநிதித் தொழிற்கல்லூரிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் குழு இந்த வழியில் வந்ததுதான். 2017-ல் அந்தக் குழு, அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தர அங்கீகாரம் உள்ள படிப்பென்றால் 55,000, இல்லாததற்கு 50,000 என்று வைத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 87,000, 85,000. உங்கள் சீட்டின் முதல் வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். உங்கள் மகள் சேரும் கல்வியாண்டுக்குச் செல்லுபடியாகும் ஆணை எது என்று மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆணையில் நீதிபதி கையெழுத்து இருந்தாலும், அந்த எண்ணை உருவாக்குபவர்கள் பலர். முதலில் கல்லூரி நிர்வாகம். குழு பார்ப்பது அவர்கள் கொடுக்கும் தணிக்கைக் கணக்கைத்தான். அதில் பெரிய செலவு ஆசிரியர் சம்பளம். எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர், என்ன ஊதிய விகிதம் என்பதை டெல்லியில் இருக்கும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சொல்கிறது. அந்த விதியைக் காட்டித்தான் நிர்வாகங்கள் கூடுதலாகக் கேட்கின்றன. ஏட்டில் எழுதிய சம்பளம் ஆசிரியர் கைக்கு முழுசாகப் போகிறதா என்பதைக் குழு கறாராகப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே கண்ணை மூடிக்கொண்டால் சுமை உங்கள் தலையில்தான் விழுகிறது.

ஏ.ஐ.சி.டி.இ. தன் பங்குக்கு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவை வைத்து நாடு முழுவதற்கும் வரம்பு சொல்லிப் பார்த்தது. 2022-ல் வந்த பரிந்துரைப்படி பொறியியலுக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சமே 79,600, அதிகபட்சம் சுமார் 1.89 லட்சம். நம் ஊர் 55,000-க்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். நிர்வாகங்கள் ஏன் இந்தப் பரிந்துரையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகின்றன என்பது விளங்கும்.

எதிர்ப் பக்கம் இழுப்பது மாநில அரசு. மாணவர் ஓட்டு, பெற்றோர் ஓட்டு என்பது ஒரு காரணம். பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டணம் கட்டுபவர்களில் அரசும் ஒன்று. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கியபோது, அவர்களுடைய கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று முதல்வர் அறிவித்தார். கலந்தாய்வில் வரும் முதல் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010-லிருந்து இருக்கிறது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகையும் உண்டு. குழு ஐயாயிரம் ஏற்றினால் இத்தனை பேருக்கும் அரசு கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். முதல் வரி சுலபத்தில் ஏறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு பிடிமானம் என்று நான் நம்புகிறேன்.

முதல் வரியைப் பிடித்து வைத்தால் பணம் எங்கே போகும்? மற்ற நான்கு வரிகளுக்கு. பேருந்துக்கும் பயிற்சிக்கும் எவ்வளவு என்பதைக் கல்லூரி நடத்தும் அறக்கட்டளை தன் அறைக்குள்ளேயே முடிவு செய்துகொள்கிறது. கேட்பாரில்லாத இடம் அதுதான். சென்ற வருடம் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மகனுக்குக் கட்டிய பணத்துக்கு அத்தாட்சி என்று ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினார். பென்சிலில் "40" என்று எழுதி ஒரு சுழி. நாற்பதாயிரம். கல்லூரிப் பெயர் இல்லை, தேதி இல்லை, முத்திரை இல்லை. அந்தத் தொகையை வங்கிக் கடனிலும் சேர்க்க முடியவில்லை, புகாரிலும் காட்ட முடியவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லி அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்குக் கை கூசியது. நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்து இருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தேர்வுக் கட்டணம் உங்கள் சீட்டில் இல்லை. அது தனியாக வரும், அதைத் தீர்மானிப்பது அண்ணா பல்கலைக்கழகம். 2023 நவம்பரில் ஒரு தாளுக்கு 150 ரூபாய் என்று இருந்ததைப் பல்கலைக்கழகம் 225 ஆக்கியது. மாணவர்களும் பெற்றோரும் கொதித்தார்கள். சில நாட்களிலேயே அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, உயர்வை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். 75 ரூபாய் விஷயம் என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். கட்டணம் தீர்மானிக்கும் இடத்தில் பெற்றோருக்கு நாற்காலி கிடையாது. ஆனால் வெளியே நின்று கேட்டதற்கு அங்கே பலன் கிடைத்தது. இன்னும் பெரிய தொகைக்கும் கிடைத்திருக்கிறது. ஆந்திராவில் தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தை அரசே 2017-ல் வருடத்துக்கு 24 லட்சமாக, அதாவது ஏழு மடங்காக உயர்த்தியது. குழுவின் பரிந்துரை இல்லாமல் எப்படி உயர்த்தினீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. 2022-ல் உச்ச நீதிமன்றமும் அந்த உயர்வு செல்லாது என்று உறுதி செய்து, அரசுக்கும் கல்லூரிக்குமாக ஐந்து லட்சம் செலவுத்தொகை விதித்தது. கல்வி லாபத்துக்கான வியாபாரம் அல்ல என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

(நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு மாநிலக் குழுவின் 55,000 பொருந்தாது. அங்கே கட்டணத்தை அந்த நிறுவனமே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளுக்குள் வகுத்துக்கொள்கிறது. உங்கள் கணக்கு வேறு.)

இனி உங்கள் கணக்கு. "1,30,000 பெருக்கல் நான்கு, 5,20,000" என்று போட்டிருக்கிறீர்கள். முதல் வரி நிற்கும் என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு 2,20,000. மற்ற நான்கு வரிகளும் சேர்ந்து முதல் வருடம் 75,000. தடுப்பார் இல்லாததால் வருடத்துக்குப் பத்து சதவீதம் ஏறும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 75,000, 82,500, 90,750, 99,825. கூட்டினால் 3,48,075. ஆக மொத்தம் 5,68,075. நீங்கள் போட்டதைவிட 48,000 அதிகம். இதில் நான்கு வருடத் தேர்வுக் கட்டணமும் லேப்டாப்பும் இன்னும் சேரவில்லை.

தள்ளுபடிக்கு வருவோம். 5,20,000-ல் பத்து சதவீதம் 52,000. கேட்க நன்றாக இருக்கிறது. முதல் வருடம் மட்டும் கட்டினால் 1,30,000 போதும். மொத்தமாகக் கட்டினால் 4,68,000. அதாவது 3,38,000 ரூபாயை அவசியம் வருவதற்கு முன்பே கொடுக்கிறீர்கள். நகைக் கடன் வட்டி பத்து சதவீதம் என்றால் முதல் வருடம் அதற்கு மட்டும் 33,800. வருடா வருடம் 1,30,000 கழிந்துகொண்டே வரும் என்பதால் இரண்டாம் வருடம் 2,08,000-க்கு 20,800. மூன்றாம் வருடம் 78,000-க்கு 7,800. கூட்டினால் 62,400. நான்காம் வருடம் மிச்சமாகும் ஐயாயிரத்துச் சொச்ச வட்டியைக் கழித்தாலும் தள்ளுபடி கரைந்துபோகிறது. அதோடு "மாறுதலுக்கு உட்பட்டவை" என்ற பொடி எழுத்து அப்படியே இருக்கிறது. முன்கூட்டிக் கட்டிவிட்டால் இனி ஏற்ற மாட்டோம் என்று அவர்கள் எங்கும் எழுதித் தரவில்லை. பெண் நடுவில் கல்லூரி மாற விரும்பினால் என்ன ஆகும் என்பதும் இல்லை. நான் மேலே சொன்ன 2003 தீர்ப்பே, ஒரு செமஸ்டர் அல்லது ஒரு வருடத்துக்கான கட்டணத்தைத்தான் வாங்கலாம், அதற்கு மேல் முன்பணமாக வாங்கியிருந்தால் மிச்சத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்று சொன்னது. ஆகவே நாசூக்காக, "வருடா வருடம் கட்டிக்கொள்கிறோம் சார்" என்று சொல்லிவிடுங்கள்.

நகைக்குப் பதில் கல்விக் கடன். ரூ.4 லட்சம் வரை நீங்கள் கையிலிருந்து ஒரு பங்கு போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. உங்கள் வருட வருமானம் 4,08,000. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் உரிய வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் இருக்கிறது. கல்லூரிக்கு நாக் (கல்லூரித் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரமோ அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. (படிப்பின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரமோ இருக்க வேண்டும். தாசில்தாரிடமிருந்து வருமானச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக உடனே வாங்கிவிடுங்கள். கடனை நான்கு லட்சத்தோடு நிறுத்தி, கல்விக் கட்டணம், தேர்வு, புத்தகம், லேப்டாப் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துப் பணம் சம்பளத்திலிருந்து போகட்டும். மாதம் சுமார் 2,700 வருகிறது. அதுகூட அவசியமா என்று பாருங்கள். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து அந்தக் கல்லூரி வாசல் வழியாகப் போகிறதென்றால் 32,000 அப்படியே மிச்சம். கல்லூரிப் பேருந்தில்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அதை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கென்று தொடங்கியதை 2024 இறுதியில் உங்கள் மகளைப் போன்றவர்களுக்கும் விரித்தார்கள். கல்லூரியிலேயே அதற்குப் பொறுப்பாளர் இருப்பார்.

வரும் திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகும்போது ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கேள்வி எழுதி முதல்வரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கட்டணக் குழு ஆணையின் எண், தேதி என்ன? வளர்ச்சி, இதர என்று தனியாகக் கேட்கும் 25,000 அந்த ஆணைக்கு உள்ளே வருகிறதா, வெளியே வருகிறதா? பிளேஸ்மென்ட் பயிற்சி முதல் வருட மாணவிக்கு ஏன்? ஆய்வகம், நூலகம், பராமரிப்பு போன்ற இனங்கள் பொதுவாகக் குழு வைக்கும் தொகைக்குள்ளேயே அடங்கும். திரும்பவும் தனியாகக் கேட்டால் அது இரட்டை வசூல். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த நகலையே இணைத்துக் கட்டணக் குழுவுக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்களோடு அன்று வரிசையில் நின்ற மற்ற பெற்றோரின் கையெழுத்தும் அதில் இருந்தால் நல்லது. வங்கிக்கும் இதே பதில் தேவைப்படும். இனவாரியாகப் பிரித்து எழுதிய கட்டண விவரம் கல்லூரியின் பெயர் அச்சிட்ட லெட்டர்பேடில் இருந்தால்தான் மேலாளர் கடன் கோப்பைத் திறப்பார்.