கைதச்சக்கை (அன்னாசி) முதல் நுங்கு வரை: வீட்டில் கோடைப் பானம், கேள்வி பதில்

தக்கலையிலிருந்து: அக்கா, அன்னாசி, எலுமிச்சை, புதினா எல்லாம் நறுக்கி ஒரு ஜக் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க பிரிட்ஜில் வைத்தேன். காலையில் சோடா ஊற்றிக் குடித்தால் வாசனை மட்டும்தான் வருது, ருசியே இல்லை. அடியில் ஒரு கசப்பு வேறு. எங்கே தப்பு?

பதில்: பழத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டதுதான் தப்பு. சர்க்கரையில் ஊறப் போட வேண்டும். நறுக்கின மாங்காயில் உப்பைப் பிரட்டி வைத்தால் தானாகத் தண்ணீர் விடுமே, அதே வேலையைப் பழத்தில் சர்க்கரை செய்யும். சாறும் வாசனையும் சேர்ந்து வெளியே வரும், அடுப்பே தேவையில்லை. அப்படி எடுக்கிற பாகைத்தான் பிறகு சோடாவில் கலக்க வேண்டும்.

அளவு சொல்கிறேன். தோல், கண், நடுத்தண்டு நீக்கின கைதச்சக்கை 500 கிராம், சுண்டுவிரல் கனத்துக்கு நறுக்கவும். சர்க்கரை 250 கிராம். தோல் சீவித் தட்டின இஞ்சி 15 கிராம். இரண்டு எலுமிச்சையின் தோலில் மஞ்சள் பாகத்தை மட்டும் மெல்லிசாகச் சீவிப் போடவும். எல்லாவற்றையும் கண்ணாடிப் பாத்திரத்தில் கையால் பிசிறி மூடி, சர்க்கரை நனையும் வரை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, பிறகு 12 மணி நேரம் பிரிட்ஜில் வைக்கவும். நடுவில் இரண்டு முறை கிளறினால் போதும். பழத்துண்டுகள் சுருங்கி, ஓரம் கண்ணாடி மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அடியில் இளமஞ்சளாகப் பாகு நிற்கும். மெல்லிய துணியில் வடித்து லேசாகப் பிழிந்தால் ஏறத்தாழ 350 மில்லி கிடைக்கும். பிரிட்ஜில் ஐந்து நாள் வைக்கலாம்.

300 மில்லி டம்ளர் ஒன்றுக்குப் பாகு 40 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, உப்பு இரண்டு விரலால் எடுக்கிற சிட்டிகை, ஐஸ் ஆறேழு கட்டி, கடைசியாகக் குளிர்ந்த சோடா 150 மில்லி. உப்பை விட்டுவிடாதீங்க. உப்பு தெரியாது, ஆனால் கசப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும். பாகைத் தனியாக நக்கிப் பார்த்தால் திகட்டும், பயப்பட வேண்டாம். குளிர்ந்த பானத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதோடு ஐஸ் உருகி இன்னும் நீர்த்துப் போகும். கண்ணளவை நம்பாமல் மருந்து பாட்டிலோடு வரும் மில்லி மூடியால் அளந்து ஊற்றுங்க.

கசப்புக்குக் காரணம் எலுமிச்சைத் தோலுக்கும் சுளைக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பஞ்சு. வட்ட வட்டமாக நறுக்கித் தண்ணீரில் போட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் அது கசப்பை இறக்கிவிடும். அலங்காரத்துக்கு ஒரு வட்டம் வேண்டுமென்றால் பரிமாறும்போது டம்ளர் விளிம்பில் செருகுங்க. சாறு எடுக்கும்போதும் கடைசிச் சொட்டு வரை நெரிக்க வேண்டாம், விதையும் நசுங்கக் கூடாது.

குலசேகரத்திலிருந்து: எங்க ரப்பர் தோட்டத்தில் ஊடுபயிராக கைதச்சக்கை போட்டிருக்கோம், பழத்துக்குப் பஞ்சமில்லை. நீங்க சொல்கிற பாகைப் பாலில் கலந்து மில்க் ஷேக் போட்டால் பத்து நிமிஷத்தில் கசந்து போகுது, சில நேரம் திரிஞ்சும் போகுது. பிழிந்த சக்கையை என்ன செய்ய?

பதில்: பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கு. அது புரதத்தை அறுக்கும். நிறையத் தின்றால் நாக்கு அரிப்பதில் அதுக்கும் பங்கு உண்டு. பாலின் புரதத்தை அறுக்கும்போது கசப்பு வரும், புளிப்பும் சேர்ந்தால் திரியும். ஜெலட்டின் போட்டு ஜெல்லி செய்தாலும் உறையாது, அதுக்குக் கடல்பாசிதான் சரி. பாலில் கலக்க வேண்டுமென்றால் பாகை மட்டும் ஒரு கொதி வரவிட்டு மூன்று நிமிஷம் சிறு தீயில் வைத்து, நன்றாக ஆறி குளிர்ந்த பிறகு சேருங்க. சூட்டில் அந்த நொதி செத்துப்போகும். பச்சை வாசனை கொஞ்சம் குறையும், அதனால் சோடாவுக்குக் காய்ச்சாத பாகும் பாலுக்குக் காய்ச்சின பாகும் என்று இரண்டு பாட்டிலாக வைத்துக்கொள்ளலாம்.

பிழிந்த சக்கையைத் தூரப் போடாதீங்க. நம்ம ஊர்க் கல்யாணச் சாப்பாட்டில் இலையோரம் வைக்கிற பச்சடிக்கு அதுதான் பாதி வேலை முடிந்த சரக்கு. இஞ்சியையும் எலுமிச்சைத் தோலையும் பொறுக்கிவிட்டு, மஞ்சள்பொடியும் உப்பும் சேர்த்து வேகவைத்து, தேங்காயும் பச்சைமிளகும் (பச்சைமிளகாய்) கடுகும் அரைத்து ஊற்றி, இறக்கி ஆறினதும் தயிர் விடுங்க. முதலில் வேகவைப்பது தயிர் கசக்காமல் இருக்கத்தான், மேலே சொன்ன அதே காரணம்.

மார்த்தாண்டத்திலிருந்து: சர்க்கரைக்குப் பதில் நம்ம தேனையே ஊற்றினால் என்ன? நான் ஊற்றினேன், டம்ளர் அடியில் கட்டியாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அதோடு இந்த வருஷம் வாங்கின தேன் பாட்டிலிலேயே உறைந்து நெய் மாதிரி ஆகிவிட்டது. கலப்படமா?

பதில்: முதலில் இரண்டாவது சந்தேகம். உறைந்ததை வைத்துக் கலப்படம் என்று முடிவு கட்டாதீங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்திலிருந்து வருவது. ரப்பர் தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கிற இனிப்பைத் தேனீ எடுக்கும். அந்தத் தேனுக்குச் சீக்கிரம் உறைகிற குணம் உண்டு. பாட்டிலைக் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இளகும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வாசனை போய்விடும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின தேன் இது, பக்குவமாகக் கையாளுங்க.

தேன் குளிர்ந்த தண்ணீரில் சீக்கிரம் கரையாது. முன்கூட்டியே தேன் இரண்டு பங்கு, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பங்கு கலந்து தேன் பாகு செய்து வைத்துக்கொண்டால் சோடாவில் நேராகக் கலக்கும். தண்ணீர் சேர்ந்த தேன் புளிக்கும், அதனால் பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். தேனுக்குப் பொருத்தம் எலுமிச்சை, இஞ்சி, பாஷன் புரூட். அன்னாசியில் தேன் ஊற்றினால் ஒன்றை ஒன்று அமுக்கும், எனக்குப் பிடித்தமில்லை.

கொட்டாரத்திலிருந்து: கருப்பட்டி போட்டுச் செய்யலாமா? கலங்கலாக வருது, எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் புளிப்பு ஏறவே மாட்டேங்குது.

பதில்: அக்கானி (பதநீர்) இறக்கும்போது கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம், அது புளித்துக் கள்ளாகாமல் இருக்க. அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் கருப்பட்டியிலும் கொஞ்சம் இருக்கும். எலுமிச்சைப் புளிப்பின் ஒரு பாகத்தை அது தின்றுவிடும். ஆகவே கருப்பட்டிப் பானத்துக்கு 20 மில்லிக்குப் பதில் 25 மில்லி எலுமிச்சைச் சாறு. கருப்பட்டி 200 கிராமைத் தட்டி 150 மில்லி தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து, இரண்டு மணி நேரம் ஆடாமல் வைத்துத் தெளிவை மட்டும் மேலிருந்து ஊற்றி வடிகட்டுங்க. மண்ணும் சுண்ணாம்பும் அடியில் தங்கிவிடும். காய்ச்சும்போது நம்ம மலைக் கிராம்பு இரண்டு போட்டால் போதும், மூன்றாவது போட்டால் பல்வலி மருந்து வாசனை வந்துவிடும். இந்தப் பாகு அன்னாசிக்குச் சேராது. புளிக்கிற மாங்காய்க்கும் நெல்லிக்காய்க்கும் நன்றாகச் சேரும்.

குளச்சலிலிருந்து: கருக்கும் (இளநீர்) நுங்கும் சேர்த்து ஏதாவது சொல்லுங்க அக்கா. போன தடவை காலையில் எடுத்து வைத்த கருக்குத் தண்ணீர் சாயங்காலம் லேசாக ரோஸ் நிறமாகிவிட்டது. குடிக்கலாமா?

பதில்: வெட்டின இளநீர் காற்றுப் பட்டால் நிறம் மாறும், வெட்டின ஆப்பிள் கறுக்கிற மாதிரி. நிறம் மட்டும் மாறியிருந்து, மூடிப் பிரிட்ஜில் இருந்ததானால் கெட்டதாக ஆகாது. புளித்த வாசனையோ நுரையோ இருந்தால் கொட்டிவிடுங்க. வெளியே வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததைக் குடிக்கவே வேண்டாம். நாலைந்து சொட்டு எலுமிச்சை விட்டு வைத்தால் நிறம் மாறுவது தள்ளிப்போகும்.

நுங்கைப் பொறுத்தவரை வேலை முழுக்கத் தோலில் இருக்கு. பழுப்பு மேல்தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் துவர்க்கும். நுங்கை ஐந்து நிமிஷம் தண்ணீரில் போட்டு, பெருவிரல் நகத்தால் காம்புப் பக்கத்தில் கிள்ளி இழுத்தால் சட்டை கழற்றுகிற மாதிரி வரும். உள்ளே இருக்கிற தண்ணீர் சிந்தாமல் கிண்ணத்துக்கு மேலே வைத்து உரியுங்க. நல்ல இளசாகப் பார்த்து, விரல் அழுத்தினால் அமுங்குகிறதாக எடுக்கணும். கல்நுங்கு வாயில் நார் மாதிரி சுற்றும். மிக்சியில் அடிக்க வேண்டாம், கொழகொழவென்று ஆகிவிடும். கையால் பிய்த்துப் போடுங்க. நாலு நுங்கு, குளிர்ந்த இளநீர் 250 மில்லி, தேன் பாகு 15 மில்லி, எலுமிச்சை 10 மில்லி. ஐஸ் போடாதீங்க. இளநீரின் மெல்லிய ருசி ஐஸ் தண்ணீரில் காணாமல் போகும், பாத்திரத்தையே ஐஸில் புதைத்துக் குளிர வையுங்க. ஊற வைத்த சப்ஜா விதை ஒரு ஸ்பூன் சேர்த்தால் நுங்கோடு நன்றாக இருக்கும்.

வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருந்தால் இளநீர் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்க. பொட்டாசியம் அதிகம்.

நாகர்கோவிலிலிருந்து: வீட்டு விசேஷத்துக்கு இருபது பேருக்கு அன்னாசிப் பானம் கொடுக்கணும். எல்லாத்தையும் பெரிய பாத்திரத்தில் முன்பே கலந்து வைத்தேன், பரிமாறும்போது சோடாவில் கேஸே இல்லை.

பதில்: சோடாவை முன்பே கலக்கக் கூடாது. பாகும் எலுமிச்சையும் உப்பும் மட்டும் கலந்து குளிர வைத்துக்கொண்டு, டம்ளரில் சோடாவை ஊற்றுங்க. கேஸ் குளிர்ந்த தண்ணீரில்தான் தங்கும், வெதுவெதுப்பான சோடாவை ஐஸ் மேல் ஊற்றினால் பொங்கிப் பாதி போய்விடும். அதனால் சோடா பாட்டிலை முந்தின நாளே பிரிட்ஜில் வையுங்க. டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, நீள ஸ்பூனை அடியில் விட்டு ஒரே ஒரு தடவை தூக்கிவிட்டால் கலந்துவிடும். சுற்றிக் கலக்கினால் கேஸ் போகும். பாகில் பழத் துகள் இருந்தாலும் ஒவ்வொரு துகளைப் பிடித்துக்கொண்டும் குமிழி கிளம்பி வெளியேறும், ஆகையால் துணியில் வடிப்பதை விடாதீங்க.

இருபது பேருக்குக் கணக்கு: சுத்தம் செய்த பழம் ஒன்றேகால் கிலோ, சர்க்கரை 625 கிராம், இஞ்சி 40 கிராம். எலுமிச்சைச் சாறு 400 மில்லி, அதுக்குச் சுமார் இருபது எலுமிச்சை. சோடா மூன்று லிட்டர், கையில் ஒரு லிட்டர் கூடுதல். டம்ளருக்கு ஐஸ் மூன்று கிலோ, பாட்டில்களைப் புதைக்க இன்னும் இரண்டு கிலோ. டம்ளரில் போடும் ஐஸ் குடிதண்ணீரில் உறைய வைத்ததாக இருக்கணும். மீன் பெட்டிக்கு வாங்குகிற கட்டி ஐஸ் பாட்டிலைச் சுற்றி வைக்க மட்டும்தான். புளிப்பு படுவதால் அலுமினியப் பாத்திரமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம், எவர்சில்வரோ கண்ணாடியோ எடுங்க.

திருவட்டாறிலிருந்து: செங்கவருக்கை மாம்பழத்தில் செய்தால் நார் நாராக வருது.

பதில்: அந்தப் பழத்தின் வாசனைக்காக நாரைப் பொறுத்துக்கொள்ளலாம். மிக்சியில் நீளமாக ஓட்டினால் நார் அரைபட்டு இன்னும் மோசமாகும். தோலோடு கையால் கசக்கி, காம்பு வெட்டி, சல்லடையில் தேய்த்து எடுங்க. கூழ் 60 மில்லிக்கு எலுமிச்சை 20, சர்க்கரைப் பாகு 10 மில்லி, சோடா 120. காம்புப் பால் முதலிலேயே வழிந்து போகணும், இல்லாவிட்டால் தொண்டை கரகரக்கும்.

விளவங்கோட்டிலிருந்து: வெளியூரிலிருந்து கூட்டுக்காரன்மார் வாறாங்க. அன்னாசிப் பானத்தில் ரம் சேர்த்து காக்டெயிலாகக் கொடுக்க முறை என்ன?

பதில்: மேலே சொன்ன டம்ளர் அளவில் வெள்ளை ரம் 45 மில்லி சேர்த்து, பாகை 30 மில்லியாகவும் சோடாவை 100 மில்லியாகவும் குறையுங்க. ரம், பாகு, எலுமிச்சை மூன்றையும் ஐஸோடு மூடி போட்ட பாட்டிலில் 12 நொடி குலுக்கி வடித்து, புது ஐஸில் ஊற்றி மேலே சோடா. சோடாவோடு குலுக்கினால் மூடி தெறிக்கும்.

ரம்மிலேயே பழத்தை ஊற வைக்கலாம். 375 மில்லிக்கு அன்னாசித் துண்டு 200 கிராம், மூழ்கியே இருக்கணும், மேலே மிதக்கிற துண்டு கெடும். பிரிட்ஜில் இரண்டு மூன்று நாளில் வடித்துவிடுங்க. எலுமிச்சைத் தோல் போட்டால் ஒரே நாள்தான், அதுக்கு மேல் கசப்பு. முத்திரை உடையாத கடைச் சரக்கு மட்டுமே எடுக்கணும். இனிப்பு மறைக்கிறதால் எவ்வளவு உள்ளே போகுது என்று தெரியாது, அளவு மூடி இல்லாமல் ஊற்றாதீங்க. 21 வயசுக்குக் குறைந்தவர்களுக்கும், வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கும், மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ரம் இல்லாத டம்ளரை நீட்டுங்க. அதனால்தான் ரம் சேர்க்காமலேயே முழு ருசி வருகிற மாதிரி அளவு சொன்னேன்.

இரணியலிலிருந்து: அப்பாவுக்குச் சர்க்கரை. கருப்பட்டி, தேன் என்றால் பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது, இரண்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். நெல்லிக்காய் மூன்று, இஞ்சி சிறு துண்டு, உப்பு, கொஞ்சம் கறிவேப்பிலை அரைத்து வடித்து எலுமிச்சையும் சோடாவும் ஊற்றிக் கொடுங்க.

அஞ்சுகிராமத்திலிருந்து: புதினா இடித்துப் போட்டால் பச்சை இலை வாடை அடிக்குது.

பதில்: இடிக்க வேண்டாம். வாசனை எண்ணெய் இலையின் மேல்பரப்பில் இருக்கு. உள்ளங்கையில் வைத்து மறுகையால் ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் போதும். நசுக்கினால் பச்சைச் சாறு இறங்கிக் கசக்கும், கறுத்தும் போகும்.

பூதப்பாண்டியிலிருந்து: பிள்ளைக்குப் பிறந்தநாள். கலர் பொடி போடாமல் கலர் வருமா?

பதில்: வேலியில் நிற்கிற நீலச் சங்குபுஷ்பம் பத்துப் பூ, பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, 200 மில்லி வெந்நீரில் பத்து நிமிஷம். ஆறவிட்டு வடித்து ஐஸ் தட்டில் உறைய வையுங்க. அந்த நீல ஐஸைத் தெளிந்த எலுமிச்சை சோடாவில் போட்டுக் கொடுத்தால், உருக உருகப் புளிப்புப் பட்டு நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்பாக இறங்கும். அன்னாசிப் பாகில் போடாதீங்க, மஞ்சளோடு சேர்ந்து சேற்று நிறம்தான் வரும். பூ மருந்து தெளிக்காத வேலியில் பறித்ததாக இருக்கட்டும்.