டீசல் வாடை அடித்தாலே குமட்டுகிறதே, ஏன்?

கேள்வி: நல்லம்பள்ளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 34. எட்டு மாதத்துக்கு முன், துணி எடுக்க சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அதிலிருந்து டீசல் வாடை அடித்தாலே வயிற்றைப் பிரட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள்.

பதில்: பிரமை இல்லை அம்மா. உங்கள் குமட்டல் நிஜம்.

கணவாய் வளைவில் உள்காது ‘ஆடுகிறோம்’ என்கிறது, முன்சீட்டையே பார்க்கும் கண் ‘இல்லை’ என்கிறது. அன்றைய வாந்தி அதனால் வந்தது. அந்தக் குமட்டலைத் தாங்க முடியாத வேதனையாக்குவதில் மூளையின் இன்சுலா பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. (அது பழுதான சிலருக்கு ஊசி குத்துவது தெரியும், ஆனால் வேதனை இருக்காது.) மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதி அதை ஆபத்து என்று குறித்து, கூட இருந்த டீசல் வாடையையும் சேர்த்துப் பதிந்துகொள்கிறது. குமட்டல் விஷயத்தில் ஒரே அனுபவம்கூடப் போதும். 1955இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா குழுவினர், இனிப்பு நீர் குடித்த எலிகளுக்குக் கதிர்வீச்சால் உடம்பைக் கெடுத்தார்கள். பிறகு அவை அந்த நீரை ஒதுக்கின.

ஆனால் எட்டு மாதமாக இதை வளர்ப்பது தவிர்ப்புதான். ‘இன்று போக வேண்டாம்’ என்றதும் வரும் நிம்மதியை மூளை பரிசாக எடுத்துக்கொள்கிறது. ஏறினாலும் வாந்தி வராமல் போகலாம் என்று கற்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

முதல் வாரம் பஸ் ஸ்டாண்டில் போய் நில்லுங்கள். அவஸ்தைக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுங்கள். 7 என்றால் 3, 4க்கு இறங்கும்வரை நில்லுங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். வாரம் நாலைந்து நாள் இப்படி. பிறகு தர்மபுரிவரை டவுன் பஸ், அடுத்து தொப்பூர்வரை, கடைசியில் கணவாய் தாண்டி ஓமலூர். பெரும்பாலானோர் தவறுவது ஓரிடத்தில்: அவஸ்தை உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடுவார்கள். அந்த நிம்மதி பயத்தை இன்னும் இறுக்கிவிடும். முடியவில்லை என்றால் முந்தைய படிக்குப் போங்கள், விட்டுவிடாதீர்கள்.

முன்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள், போன் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லி போதும். எலுமிச்சம்பழமும் பாலிதீன் கவரும் தொடக்கத்தில் இருக்கட்டும், பிறகு பையில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூளை பழத்தைத்தான் நம்பும்.

பஸ் ஏறாத நாளிலும் தலைசுற்றல், காது மந்தம், காலை வாந்தியோடு தலைவலி, எடை குறைவு இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மாதவிலக்கு தள்ளியிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் செய்யுங்கள். ஆறு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை.