மாவுக்கட்டோட விட்டுறாதீங்க

கேள்வி: அம்மாவுக்கு 63 வயசு டாக்டர், கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல 30 வருஷம் கொழுந்து பறிச்சவங்க. போன மாசம் வாசப்படி பாசில வழுக்கி கைய ஊனினாங்க, மணிக்கட்டு ஒடஞ்சுருச்சு. மாவுக்கட்டு போட்டு கால்சியம் மாத்திரை குடுத்தாங்க. கூடை சுமந்து முதுகும் கூனிப்போச்சு. வயசானா இப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க, அவ்ளோதானா?

பதில்: அவ்ளோதான்னு விட்டுறாதீங்கம்மா. நின்ன எடத்துல விழுந்ததுக்கே எலும்பு ஒடயுதுன்னா அது எலும்பு மெலிஞ்சுருக்குன்னு சொல்ற மொத எச்சரிக்கை, அடுத்து இடுப்பு ஒடஞ்சா படுத்த படுக்கைதான், அதுக்கு முன்னாடி நாம முழிச்சுக்கணும்.

கூனுக்கு கூடைதான் காரணம்னு நம்ம ஊர்ல எல்லாருமே சொல்றாங்க, ஆனா பல பேருக்கு முதுகெலும்பு வலியே இல்லாம நசுங்கியிருக்கும். வீட்லயே பாருங்க, அம்மா குதிகால செவுத்துல ஒட்டி நிக்கட்டும், பின்னந்தலை செவுத்துல படுதா? படலைன்னா முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். முன்ன எட்டுன தட்டு இப்ப எட்டலையா, சேலை தரைல இழுபடுதுன்னு கொசுவத்த மேல தூக்கி சொருகுறாங்களா? ஒன்றரை இஞ்சுக்கு மேல உயரம் கொறஞ்சிருந்தா முதுகுக்கு எக்ஸ்ரே கண்டிப்பா எடுக்கணும்.

மாதவிடாய் நின்னதும் எலும்ப காக்குற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொறயும், மொத 5, 6 வருஷத்துல எலும்பு வேகமா கரையும். கர்ப்பப்பையோட சினைப்பையும் எடுத்திருந்தா இது இன்னும் சீக்கிரமே ஆரம்பிச்சிரும். இன்னொண்ணு, குளிருக்கு வீசிங் வருதுன்னு மெடிக்கல்ல சும்மா வாங்கி மாசக்கணக்குல போடுற மாத்திரைல ஸ்டீராய்டு இருக்கலாம், அதுவும் எலும்ப கரைக்கும், பழைய அட்டை இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆடி மாசம் பூரா மூடுபனி, வெயில் வந்தாலும் ஸ்வெட்டர், தலைல துண்டு, அப்பறம் கால்சியம் ஒடம்புல சேர வேண்டிய வைட்டமின் டி எங்கருந்து வரும்?

எலும்பு எவ்ளோ கெட்டியா இருக்குன்னு பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுங்க, கோயம்புத்தூர்ல பல எடத்துல இருக்கு, வலி கிடையாது. அதுல இளவயசு எலும்போட ஒப்பிட்டு டி ஸ்கோர்னு ஒரு எண் வரும், அது மைனஸ் 2.5 இல்ல அதுக்கும் கீழன்னா எலும்பு மெலிதல் நோய். அந்த அளவுக்கு கொறயலைன்னாலும் ஏற்கனவே கை ஒடஞ்சதால சிகிச்சை தேவைப்படலாம். கூடவே ரத்தத்துல கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, கிட்னி பாக்கணும்.

கால்சியம் மாத்திரை மட்டும் பத்தாது. எலும்பு கரையறத தடுக்க வாரம் ஒரு தடவ அலென்ட்ரோனேட் மாத்திரை 70 மில்லிகிராம் குடுப்பாங்க, இதுல ஒண்ண நல்லா கேட்டுக்கங்க, காலைல வெறும் வயித்துல ஒரு டம்ளர் வெறும் தண்ணியோட முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, டீயும் கூடாது. எந்திரிச்சதும் டீ குடிச்சே பழகுனவங்களுக்கு இது கஷ்டம்தான், ஆனா டீ முந்திக்கிட்டா மருந்து உள்ளயே ஏறாது, படுத்தா உணவுக்குழாய் புண்ணாயிரும். ஒத்துக்கலைன்னா வருஷத்துக்கு ஒரு தடவ ஏத்துற ஊசி இருக்கு. 6 மாசத்துக்கு ஒரு தடவ போடுற ஊசிய ஆரம்பிச்சா மட்டும் டாக்டர கேக்காம நிறுத்தவே கூடாது, நிறுத்துனா முதுகெலும்பு ஒண்ணு மேல ஒண்ணா ஒடயலாம். பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட இந்த மருந்து எடுக்கறத சொல்லிருங்க.

ராகிக் களிய விடாதீங்க, 100 கிராம் ராகில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 1200 வேணும், மிச்சத்த பால், தயிர், கீரைல பாத்துக்கலாம்.

அந்த வாசப்படி பாசிய இன்னைக்கே பிளீச்சிங் பவுடர் போட்டு தேச்சு கழுவிருங்க, பக்கத்துல புடிச்சுக்க ஒரு பைப்பு அடிங்க. கட்டு பிரிக்கப் போறப்பவே டெக்ஸாவுக்கு எழுதி வாங்கிருங்கம்மா.