லேசர் தற்காப்பு வண்டி செய்ய ஆசைப்படும் மகனுக்கு என்ன படிப்பு?

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதிக் கேட்ட அம்மாவுக்கு,

தம்பி ஐந்தாம் படிவத்தில் இருக்கிறார், டிரோனைச் சுட்டு வீழ்த்தும் லேசர் வண்டி செய்யத்தான் போவேன் என்கிறார், இதை நம்பிப் படிக்க வைக்கலாமா என்பது உங்கள் கவலை. தாராளமாகப் படிக்க வையுங்கள். ஆனால் ‘லேசர் ஆயுதம்’ என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி அலைய வேண்டாம். அந்த வண்டிக்குள் இடத்தை அடைப்பது மின்சாரமும் குளிரூட்டலும்தான். படிப்பையும் அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

அமெரிக்க ராணுவம் ஸ்டிரைக்கர் கவச வண்டியில் பொருத்தியது 50 கிலோவாட் வகை லேசர். இப்படிப்பட்ட ஃபைபர் லேசர் (கண்ணாடி இழைக்குள் ஒளியைப் பெருக்கும் வகை), வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் ஒளியாக்கும். ஆக 150 கிலோவாட் உள்ளே போனால் 100 கிலோவாட் வெப்பமாக நிற்கும். வீட்டில் மாட்டும் ஒரு குதிரைசக்தி ஏர்கோன் அறையிலிருந்து அகற்றும் வெப்பம் சுமார் 2.6 கிலோவாட், கிட்டத்தட்ட நாற்பது ஏர்கோன் செய்யும் வேலை இது. ஒவ்வொரு முறையும் சுடுவது சில விநாடிகள்தான் என்பதால் மின்சாரத்தை பேட்டரியில் சேர்த்து வைத்து, வெப்பத்தை முன்பே குளிர வைத்த திரவத்தில் இறக்குகிறார்கள். அடுத்தடுத்துச் சுட்டால் இரண்டும் தீரும், வண்டி காத்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியில் இந்த வெப்பத்தையும் இத்தனை மின்னணுக் கருவிகளையும் சுமப்பதுதான் சிரமம் என்று அந்த ராணுவத்தின் கொள்முதல் தலைவராக இருந்த டக் புஷ் 2024-இல் சொன்னார்.

கதிர் டிரோனின் ஒரே புள்ளியில் சில விநாடி அசையாமல் நிற்க வேண்டும். வண்டி அதிரும், ஈரப்பதமும் தூசியும் ஒளியை உறிஞ்சும், கதிர் தான் போகும் வழியிலுள்ள காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்றாலேயே விரிந்து பலமிழக்கும். மழையும் பனிமூட்டமும் வந்தால் இன்னும் மோசம். கேமராவும் வேகமாகத் திரும்பும் கண்ணாடியும் வைத்து இதைச் சமாளிப்பது மெக்கட்ரோனிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த துறை) படித்தவர் வேலை.

லேசருக்குள் இருக்கும் ஃபைபர் இழைகளை உருக்கி ஒட்டும் வேலையைத் தம்பி அவசியம் தெரிந்துகொள்ளட்டும். மேலுறையை உரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, முனையை நேராக வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். ஒட்டில் 0.1 டெசிபெல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) இழப்பு என்றால் 2.3 விழுக்காடு ஒளி வழியிலேயே போகிறது. தொலைபேசி இணைப்பில் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு கிலோவாட் லேசரில் அது 23 வாட். அந்த ஒளி மேலுறையில் இறங்கி இழையையே கருக்கிவிடும். முனையில் ஒரு தூசி இருந்தாலும் இதே கதிதான். பொறுமையான கைக்கு இங்கே நல்ல மதிப்பு உண்டு.

வேலை விஷயத்தில் ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆயுதத் தொழில்நுட்ப ஏற்றுமதிச் சட்டங்களும் பாதுகாப்பு அனுமதியும் குறுக்கே நிற்பதால் வெளிநாட்டவர் இந்தப் பணிகளுக்குள் நுழைவது மிகக் கடினம். நம் மலேசியாவில் தற்காப்பு ஆய்வுக்கு காஜாங்கில் ஸ்டிரைட் நிறுவனம் உள்ளது. ஆனால் இதே கைத்திறனைக் கேட்கும், லேசர், ஒளியிழைக் கருவிகள் செய்யும் கோஹிரண்ட் தொழிற்சாலை உங்களுக்குப் பக்கத்திலேயே செம்மோரில் இருக்கிறது. கூலிமில் ஒளி உமிழும் சில்லுகள் செய்யும் ஏஎம்எஸ் ஓஸ்ராம் இருக்கிறது. முதல் வேலை இப்படிப்பட்ட இடத்தில்தான் அமையும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் இயற்பியலும் கூடுதல் கணிதமும்தான் உயிர்நாடி. மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது, அதையும் மறக்க வேண்டாம். பிறகு பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான மெட்ரிகுலேஷனுக்கும் ஆறாம் படிவத்துக்கும் இரண்டுக்குமே மனுச் செய்யுங்கள். மதிப்பெண் குறைந்தால் ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின்னியல் அல்லது இயந்திரவியல் டிப்ளோமா எடுத்து, அதன் வழி பட்டப்படிப்புக்குப் போகலாம். இதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். பட்டத்துக்கு மின்னியல்-மின்னணுவியல் என் முதல் தேர்வு, வெப்பப் பக்கம் ஆர்வம் இருந்தால் இயந்திரவியல். நிபோங் தெபாலில் யூ.எஸ்.எம். எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. வெறும் இயற்பியல் பட்டம் எடுத்தால் ஆய்வுக்குப் போகலாம், மலாயாப் பல்கலைக்கழகத்தில் போட்டோனிக்ஸ் (ஒளித் தொழில்நுட்பம்) ஆய்வு மையமும் உண்டு. ஆனால் பொறியியலாளர் வாரியத்தில் பதிய முடியாது. பொறியியலில் சேருமுன் நீங்கள் எடுக்கும் படிப்பு வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கண் போய்விடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ஆபத்து. அதன் அலைநீளத்துக்கென்றே உள்ள கண்ணாடி அணியாமல் யாரையும் அறைக்குள் விடக்கூடாது. மனிதரை நிரந்தரமாகக் குருடாக்கவென்றே செய்யும் லேசர் ஆயுதங்களை 1995-இன் ஐ.நா. நெறிமுறை தடை செய்கிறது. டிரோனை வீழ்த்தும் கருவி அந்தத் தடைக்குள் வராது.

கூடுதல் கணிதத்தில் தம்பி இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கடைசி இரண்டு சோதனைத் தாள்களையும் சேர்த்து அனுப்பினால் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார் என்று பார்த்துச் சொல்கிறேன்.