காயம் ஆறிய பிறகும் மைதானத்துக்குப் போக மறுக்கும் பிளஸ் ஒன் மகளுக்கு எப்படி உதவுவது?

உங்கள் மகளும் விளையாட்டு விடுதியில் தங்கித்தான் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் 400 மீட்டர் ஓடியவள். பிளஸ் ஒன்னில் மாவட்டத்தில் முதலிடம். குடியரசு தின மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடையின் பின்தசை கிழிந்தது. இரண்டு மாதத்தில் கால் சரியாகிவிட்டது, நான் சரியாகவில்லை. காலை ஐந்து மணி விசில் கேட்டாலே வயிறு கலக்கும். ஸ்பைக்ஸை, அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூவை, கையில் எடுத்தால் உள்ளங்கை வேர்க்கும். ஓடாவிட்டால் விடுதியில் இடம் போகும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் போகும் என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போடுவேன். எங்கள் மாஸ்டர் எல்லார் முன்னாலும் "நடிக்கிறா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொந்தக் காசில் எனக்கு ஷூ வாங்கித் தந்தவர். தசைக்கிழிவு தெரிந்த அளவுக்கு இது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பயிற்சியாளர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஊரில் எல்லாரும் "எப்ப ஓடப் போற?" என்றுதான் கேட்டார்கள். அப்பா மட்டும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருவார், விடுதி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மாடு கன்று போட்ட கதையைச் சொல்வார், போய்விடுவார். நாலாவது வாரம் நானே உடைந்து அழுதேன். மறுநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். சீட்டு வரிசையில் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். அப்பா மழுப்பவில்லை. "பாப்பாவுக்குத் தூக்கம் வரல, டாக்டரைப் பாக்க வந்தோம்" என்றார். அந்த டாக்டரிடம் ஐந்து மாதம் போனேன்.

இப்போது 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது, அரசாங்கத்தின் மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதலில் நீங்கள் பேசுங்கள், அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

"இப்படி விட்டால் திறமை போய்விடும்" என்று சொல்ல ஆள் வருவார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டியின் நடுவிலேயே மனநலத்துக்காக விலகினார். 2024இல் பாரிஸில் 3 தங்கம் வாங்கினார். உங்கள் மகளும் பதக்கத்தோடு திரும்புவாள் என்று நான் சொல்லவில்லை. அவள் ஓடாமலே போனாலும் சரி என்று நீங்கள் உண்மையாகவே நினைக்க வேண்டும். நீங்கள் நடித்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலப் போட்டிக்கு எங்களை முன்பதிவில்லாப் பெட்டியில்தான் அனுப்பினார்கள். ராத்திரி முழுக்கக் கழிவறைக் கதவோரம் குத்தவைத்து உட்கார்ந்து போய், மறுநாள் காலை ஹீட்ஸ் என்ற முதல் சுற்று ஓடினோம். "மனசைத் திடமா வச்சுக்கோ" என்று வழியனுப்பியவர்கள் படுக்க ஒரு இடம் போட்டுத் தரவில்லை. இன்றும் ஆறவில்லை.

அப்புறம், அவளுடைய ஸ்பைக்ஸ். எங்கள் அம்மா ஆசையாக என்னுடையதை மெடல்களோடு முன்னறை ஆணியில் மாட்டிவிட்டார். லீவுக்குப் போன நான் அந்த அறைக்குள் கால் வைக்காமல் கொல்லைப்புறமாகவே வந்து போய்க்கொண்டிருந்தேன். எங்கே வைக்கலாம் என்று உங்கள் மகளையே கேளுங்கள்.