பர்மாவுக்கு வெளியே பர்மியப் பத்திரிகைகள்: கேள்வி பதில்

மியான்மர் ராணுவ ஆட்சிக்குத் தப்பி வெளியே இருந்து எழுதும் பத்திரிகையாளர்களைப் பற்றிப் புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெயர் வேண்டாம், ஊர் போதும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

முத்தியால்பேட்டை: இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடை. 1992-ல் ஆஸ்லோவில் தொடங்கிய டி.வி.பி. ('பர்மாவின் ஜனநாயகக் குரல்') வானொலிக்கு நார்வே கைகொடுத்தது. 2025-ல் அமெரிக்கா உதவியை நிறுத்தியதும் பல பத்திரிகைகள் தள்ளாடின. விளம்பரத்தை நம்பவும் வழியில்லை. உள்ளூர்க் கடைக்காரர் விளம்பரம் கொடுத்தால் அவர் கதி என்ன ஆகும்?

லாஸ்பேட்டை மாணவி: 2021-ல்தான் வெளியேறினார்களா?

இல்லை அம்மா, அது இரண்டாம் சுற்று. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபின் தனியார் நாளிதழ்கள் அழிந்தன, எஞ்சியவை தணிக்கைக்குள் போயின. 1988 எழுச்சியை ராணுவம் சுட்டு அடக்கியதும் மாணவர்கள் எல்லை தாண்டினார்கள். அவர்களில் ஒருவரான ஆங் ஸோ 1993-ல் தாய்லாந்தில் 'இராவதி' பத்திரிகையைத் தொடங்கினார். 1998-ல் நம் டெல்லியில் 'மிஸ்ஸிமா' செய்தி நிறுவனம் பிறந்தது. 2012 ஆகஸ்டில் முன்தணிக்கை நீங்கியதும் மூட்டை கட்டிக்கொண்டு யாங்கோன் (பழைய ரங்கூன்) திரும்பினார்கள். அலுவலகம் போட்டார்கள், உரிமம் வாங்கினார்கள். 2021 பிப்ரவரி 1-ல் மறுபடி ராணுவம். மார்ச் 8-ல் மிஸ்ஸிமா, டி.வி.பி., மியான்மர் நவ் உட்பட ஐந்து நிறுவனங்களின் உரிமம் ரத்து. ராணுவம் தந்த இடைவெளியில் வாங்கிய காகிதத்தை ராணுவமே பிடுங்கிக்கொண்டது. கூடவே தண்டனைச் சட்டத்தில் 505-ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள்: 'பொய்ச் செய்தி' என்று அவர்கள் சொன்னால் 3 ஆண்டு வரை சிறை.

நெல்லித்தோப்பு: மிஸ்ஸிமாவை நிறுவியவர் விமானம் கடத்தியவராமே?

ஆமாம். 1990 நவம்பரில் பாங்காக்கிலிருந்து ரங்கூன் போன தாய் விமானத்தை சோ மிந்த்தும் நண்பரும் கல்கத்தாவுக்குத் திருப்பினார்கள். கையில் இருந்தது நிஜ வெடிகுண்டு அல்ல, யாருக்கும் காயமில்லை. 2003-ல் இந்திய நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. இதைச் சாகசக் கதையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. உள்ளே இருந்த பயணிகளுக்கு அது பொய்க் குண்டு என்று எப்படித் தெரியும்?

பண்ருட்டி: அமெரிக்கப் பணத்தில்தானே எழுதுகிறார்கள்?

முத்தியால்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வில்லியனூர்: 1908-ல் பாரதி இங்கே வந்து 'இந்தியா' நடத்தியதும் இதுவும் ஒன்றுதானே?

இந்தக் கேள்வி வராவிட்டால் இது புதுச்சேரியா? ஒரு பாதி ஒன்றுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அச்சடிக்கலாம். படிக்கிறவன் அந்தப் பக்கம் இருக்கிறான். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை போகாமல் தடுத்தார்கள், 1910-ல் 'இந்தியா' நின்றது. ஆசிரியரைத் தொடாமலே பத்திரிகையைக் கொன்றுவிட்டார்கள். யாங்கோனிலும் 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கை முடக்கியது அதே கணக்குத்தான். ஆனால் பாரதிக்குச் செய்தி பெரும்பாலும் மற்ற பத்திரிகைகளிலிருந்து வந்தது. இவர்களுக்கு உள்ளே ஒரு ஆள் நின்று படம் எடுத்தாக வேண்டும். 2007 செப்டம்பரில் பிக்குகள் ஊர்வலம் போனபோது டி.வி.பி.யின் ஆட்கள் ஒளித்து எடுத்து அனுப்பிய காட்சிகளைத்தான் உலகம் பார்த்தது. 2023-ல் மோக்கா புயல் சேதத்தைப் படமெடுக்கப் போன மியான்மர் நவ் புகைப்படக்காரர் சாய் ஸோ தைக்குக்கு 20 ஆண்டு தண்டனை. தானே புயலில் கடலூரில் எத்தனை பேர் கேமராவோடு திரிந்தோம்!

அதனால் ஒரு எச்சரிக்கை: பர்மாவிலிருந்து வரும் படத்தில் முகம் தெரிந்தால் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: பாரதியைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். 1918-ல் வெளியே வந்ததும் கைதாகி எங்கள் கடலூர்ச் சிறையில்தானே இருந்தார்?

விடவில்லை ஐயா, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். நிபந்தனைகளுக்குச் சம்மதித்துத்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார். அதற்காக அவரைக் குறை சொல்பவர்களோடு எனக்குச் சண்டை. பத்து வருஷம் வறுமையில் கிடந்தவனிடம் யாரும் கணக்குக் கேட்க வேண்டாம். 2012-ல் யாங்கோன் திரும்பியவர்களையும் 'சமரசம் செய்துகொண்டார்கள்' என்றார்கள். ஊருக்குப் போய், சொந்த வாசகன் கையில் காகிதமாகப் பத்திரிகை கொடுக்க ஆசைப்பட்டது குற்றமா?

வில்லியனூர் மறுபடி: அப்படியானால் வின் டின்?

சரியான அடி. அந்தப் பத்திரிகையாளர் 1989-லிருந்து 19 ஆண்டு சிறையில் இருந்தார். வெளியே வந்தபின்னும், மற்ற கைதிகள் விடுபடும் வரை என்று, சிறையின் நீலச் சட்டையைக் கழற்றவில்லை, 2014-ல் சாகும்வரை. அவரை வணங்குகிறேன். அந்த அளவுகோலை மற்றவர்மேல் வைக்க மாட்டேன். திருப்பாதிரிப்புலியூரும் வில்லியனூரும் மீதியை நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலி: தாய்லாந்தில் இருந்தால் பாதுகாப்புதானே?

2021 மே மாதம் டி.வி.பி.யினர் மூவர் சியாங் மாயில் கைதானார்கள், சட்டவிரோதமாக நுழைந்ததாக. மியான்மருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். உலகம் முழுக்கக் குரல் எழுந்தபின் வேறு நாட்டுக்குப் போக முடிந்தது. பத்திரிகை சுதந்திரப் பிரசாரம் என்று நீங்கள் படிப்பதில் பாதி இதுதான்: தூதரகத்துக்குக் கடிதம், வக்கீல், விசா.

சிதம்பரம்: அவர்களுக்கு அமெரிக்கா...

முத்தியால்பேட்டை!

விருத்தாசலம்: மியாவடியில் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறதாம், தம்பியை அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். தாய்லாந்து எல்லையில் இருக்கும் மியான்மர் ஊர் அது. அங்கே இணைய மோசடிக் கூடங்களில் நம் பையன்கள் மாட்டியிருக்கிறார்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரியுங்கள், இன்றைக்கே.

அரியாங்குப்பம்: நாங்கள் என்ன செய்யலாம்?

இராவதி, மிஸ்ஸிமா, மியான்மர் நவ் மூன்றுக்கும் ஆங்கிலப் பக்கம் உண்டு. படியுங்கள். கட்டுரையின் இணைப்பை அனுப்புங்கள், முகம் தெரியும் படத்தை வேண்டாம். இரண்டாவது தடவை சொல்கிறேன்.

காட்டுமன்னார்கோவில்: அத்தோ எங்கே நன்றாக இருக்கும்?

அந்த பர்மிய நூடுல்ஸா? சென்னை பர்மா பஜார் பக்கம். சாயங்காலம் போங்கள்.