ஓடைக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பக்கத்துச் சிற்றோடைகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பெரிய ஆறு, அணை எல்லாம் இன்று வேண்டாம். ஒரே தாவலில் தாண்டிவிடுகிற ஓடைகள் மட்டும்.

கோத்தகிரி: சார், எங்கள் தோட்டத்து ஓடை கண்ணாடி மாதிரி இருக்கிறது. டிடிஎஸ் மீட்டர் 40 காட்டுகிறது. சுத்தம்தானே?

அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பைக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். தேயிலைக்கு அடித்த பூச்சிமருந்து இறங்கினாலும் எண் பெரிதாக அசையாது.

தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையாக ஒட்டிக்கொண்டு, பின்னால் நீள வால்களும் வயிற்றின் இருபுறமும் துடிக்கும் செவுள்களுமாக ஒன்று நகர்ந்தால், அது மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம். பெரும்பாலும் மூன்று வால். சிலவற்றுக்கு இரண்டே இருக்கும். ஸ்டோன்ஃபிளை என்ற இன்னொரு பூச்சியின் இளம்பருவத்துக்கு எப்போதும் இரண்டு வால்தான். குழப்பமாக இருந்தால் லென்ஸ் வைத்துக் கால் நுனியைப் பாருங்கள்: மேஃபிளைக்கு ஒரு நகம், ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு. மணல்துகள்களை ஒட்டிக் குழாய்போல வீடு கட்டிக் குடியிருப்பது கேடிஸ்ஃபிளை என்ற பூச்சியின் புழு. மூன்றும் இருந்தால் ஓடை நன்றாக மூச்சு விடுகிறது. தண்ணீர் தெளிவாக இருந்தும் எந்தக் கல்லிலும் ஒன்றுமே இல்லையென்றால்தான் எனக்குக் கவலை. மேலே மருந்து அடித்தார்களா என்று விசாரியுங்கள்.

தேனி: அண்ணே, இதற்கு மார்க் போடும் முறை இருக்கிறதாமே?

இருக்கிறது. பிரிட்டனில் உருவான பிஎம்டபிள்யூபி முறையில் பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண். மாசு தாங்காதவற்றுக்கு 10, சேற்றுப் புழுக்களுக்கு 1. ஆனால் அது அந்த ஊர்ப் பூச்சிகளை வைத்துப் போட்ட கணக்கு. மொத்த மார்க்கை அப்படியே நம் ஓடைக்குத் தூக்கிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓடையை அதே ஓடையோடு ஒப்பிடுங்கள். ஊருக்கு மேலே ஓர் இடம், சாக்கடையோ மாட்டுத்தொழுவமோ கலக்கும் இடத்துக்குக் கீழே ஓர் இடம். வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னால் கற்களைக் காலால் மூன்று நிமிடம் கிளறுங்கள். பிடித்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, எத்தனை வகை என்று எண்ணுங்கள்; எத்தனை தலை என்று அல்ல. மேலே பல வகை இருந்து, கீழே ரத்தப்புழு மட்டும் நெளிந்தால் வேறு சாட்சி வேண்டாம். அதன் சிவப்பு ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்க அதுதான் உதவுகிறது. பார்த்ததும் விட்டுவிடுங்கள். புதுவெள்ளம் அடித்துப்போன மறுநாள் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓட்டம் நிதானமான பிறகு போங்கள்.

வால்பாறை: தேங்கிய ஓரத்தில் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. டீசலா?

குச்சியால் கிழித்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாகப் பிரிந்து அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியாவின் வேலை, இயற்கைதான். சுழன்று மறுபடி ஒன்றாகக் கூடினால் எண்ணெய். நுரையும் அப்படித்தான், எல்லா நுரையும் சோப்பு அல்ல. இலை மக்கிய தண்ணீர் பாறையில் விழுந்தாலே பழுப்பு நுரை கட்டும். வெள்ளை நுரை, சோப்பு வாசனை என்றால் மேலே யாரோ துணி துவைக்கிறார்கள்.

பொள்ளாச்சி, ஆசிரியை: மாணவர்களோடு ஆக்சிஜன் சோதித்தோம். நண்பகலில் லிட்டருக்கு 10 மில்லிகிராம், தண்ணீர் 26 டிகிரி. நல்ல செய்திதானே?

இல்லை மேடம். 26 டிகிரியில் காற்றிலிருந்து தண்ணீர் பிடித்துவைக்கக்கூடியது சுமார் 8 மில்லிகிராம்தான். மிச்சம் பாசி போட்டது. உரமோ சாணமோ கலந்து பாசி மண்டியிருக்க வேண்டும். பகலில் தாராளமாகக் கொடுக்கிற அதே பாசி, இரவு முழுக்க ஆக்சிஜனை இழுக்கும். விடிவதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். குளிக்கும் நீருக்கே குறைந்தது 5 வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். விடியலில் அதற்குக் கீழே போனால், நண்பகல் எண்ணை மறந்துவிடுங்கள்.

ஸ்டோன்ஃபிளை இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா?

கூடாது. மலத்தில் வரும் கிருமி அந்தப் பூச்சிக்கு ஒரு பொருட்டே இல்லை. மலக்கிருமியைச் சோதிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி மலிவு. தண்ணீர் ஊற்றி வைத்து, கறுத்தால் சந்தேகம் உறுதி. கறுக்காவிட்டாலும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

கொசுவுக்காக கம்பூசியா மீன் விடலாமா?

ஓடையில் வேண்டவே வேண்டாம். கொசுப்புழுவோடு தவளை முட்டை, தலைப்பிரட்டை, நம் மீன்களின் குஞ்சு எல்லாவற்றையும் தின்னும். ஒருமுறை பெருகிவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

எங்கள் ஓடை சித்திரையில் வற்றிவிடும். செத்த ஓடையா?

மழைமறைவுப் பக்கத்து ஓடைகள் பல இப்படித்தான். மணலுக்கு அடியில் ஈரத்திலும், மிஞ்சிய மடுக்களிலும் உயிர் காத்திருக்கும். இதை வற்றாத ஓடையோடு ஒப்பிட்டால் பாவம், தோற்றுத்தான் போகும். முன்பெல்லாம் எந்த மாதம் வற்றியது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அப்போது சித்திரை, இப்போது தை என்றால், மேலே போர்வெல் எத்தனை, கரையில் நீர்மருதும் புங்கனும் எத்தனை மிச்சம் என்று நடந்து பார்த்து எழுதி அனுப்புங்கள்.